ஒரு கண்ணசைவும் ஒரு வழக்கும்

2018 பிப்ரவரியில் ஒரு பள்ளி மாணவியின் கண்ணசைவு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கண்ணசைத்தது திரைக்கதையில், வழக்குப் பதிவானதோ மெய்யான காவல் நிலையத்தில். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவ்வழக்கு இரத்தாயிற்று. படமும் வந்து போய்விட்டது. வினா மட்டும் போகவில்லை. பருவத்தின் தலைவாயிலில் நிற்கும் இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் தம்முள் நோக்கிக்கொள்ளும் பார்வைக்கு மார்க்கம் இடும் பெயர் யாது? அப்பார்வையைக் கண்டு பதறும் பெரியோர்களாகிய நாம் அவ்வேளையில் எங்கே நின்றுகொண்டிருக்கிறோம்?

அறியாதார்க்காகச் செய்தியைச் சுருங்கச் சொல்வோம். உமர் லுலு என்பார் இயக்கிய ‘ஒரு அடார் லவ்’ என்னும் மலையாளப் படம் மேனிலைப் பள்ளி மாணவ மாணவியரின் காதலையும் குறும்பையும் பற்றியது. படம் திரைக்கு வருவதற்கு ஓராண்டு முன்னரே அதன் பாடற்காட்சி ஒன்றை இணையத்தில் வெளியிட்டார்கள். பள்ளி விழாவில் பாட்டு நடக்கிறது. கூட்டத்தில் இருக்கும் மாணவன் புருவத்தை உயர்த்துகிறான். அவனை நோக்கிய மாணவி தானும் புருவத்தை உயர்த்தி, ஒரு கண்ணை மூடித் திறக்கிறாள். அவ்வளவே. அந்தச் சில நொடிகள் நாடெங்கும் பரவின. நடித்த பிரியா பிரகாஷ் வாரியரின் பெயரை அதுவரை அறியாதவர்கள், அதன்பின் அறியாமல் இருக்க இயலவில்லை.

பின்னணியில் ஒலித்த பாட்டு ‘மாணிக்ய மலராய பூவி’ என்னும் மாப்பிளைப் பாட்டு. பி.எம்.ஏ. ஜப்பார் 1978இல் எழுதியது, தலசேரி கே. ரஃபீக் இசை கூட்டிப் பாடியது. அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் அண்ணலாரை (ஸல்) வணிகத்தின்பொருட்டு அனுப்பியதையும், அவர்கள்பால் அன்பு கொண்டு மணந்ததையும் புகழ்ந்துரைப்பது. மலபாரின் மங்கல வீடுகளில் நாற்பது ஆண்டுகளாக ஒலித்துவந்த பாட்டு அது. அதை இயற்றிய கவிஞர் இந்த ஆரவாரம் எழுந்தபோது ரியாதில் ஒரு கடையில் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே குறித்துவைப்போம். தலசேரி நமக்கு முற்றிலும் அயலூர் அன்று. நம் புதுச்சேரி ஒன்றியத்தைச் சேர்ந்த மாஹேக்கு அடுத்த ஊர் அது. வங்கக் கரையில் உள்ள நம்மையும் அரபிக்கடற் கரையில் உள்ள அவ்வூராரையும் பிரெஞ்சு அரசு ஒரே கணக்கில் எழுதிவைத்துச் சென்றது. அதனால் மாஹேயிலிருந்து மாற்றலாகி வரும் அரசு ஊழியர்களின் வாயிலாகக் கதிர்காமத்துத் தெருக்களிலும் மாப்பிளைப் பாட்டின் மெட்டு கேட்டதுண்டு.

புனிதமான ஒரு பாட்டுக்குப் பின்னே ஒரு பெண் கண்ணடிப்பதா என்று சிலர் கொதித்தனர். ஐதராபாத்தின் ஃபலக்நுமா காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று; மகாராட்டிரத்திலும் முறையீடுகள் எழுந்தன. நடிகையும் இயக்குநரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். பிப்ரவரி 21ஆம் நாள் நீதிமன்றம் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் முதல் தகவல் அறிக்கையையே இரத்துச் செய்தது. திட்டமிட்ட, தீய உள்நோக்கத்தோடு கூடிய இழிவுரைக்கே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு பொருந்தும் என்பது 1957ஆம் ஆண்டிலேயே அதே நீதிமன்றம் வகுத்த அளவுகோல். இப்பாட்டில் அத்தகைய நோக்கம் எதுவும் இல்லை என்பதே முடிவு.

அந்தச் சட்டப்பிரிவு பிறந்த வரலாற்றை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 1924இல் லாகூரில் அண்ணலாரை இழிவுபடுத்தும் ஒரு சிறு நூல் வெளிவந்தது. வெளியிட்டவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நாடு கொந்தளித்தது. அவ்வாண்டே இயற்றப்பட்டது 295ஏ. பெருமானாரின் மானத்தைக் காக்கவேண்டும் என்னும் கூக்குரலில் பிறந்த பிரிவு, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, பெருமானாரின் துணைவியாரைப் புகழும் பாட்டின்மீது பாய்ந்தது! வாளை உறையிலிருந்து உருவுகிறவன் முதலில் எதிரே நிற்பவன் யார் என்று பார்க்கவேண்டாவா?

முறையிட்டோரின் வாதத்தில் சாரமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அன்னையார் அப்போது நாற்பது அகவை நிரம்பியவர் என்பது பெருவழக்கான செய்தி. கைம்மை கண்டவர், குறைஷியரிடையே செல்வத்தாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவர். அவர் கொண்ட அன்பையும் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் விளையாட்டையும் ஒரே மூச்சில் வைப்பது தகுமோ என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி மதிக்கத்தக்கதே. ஆனால் அன்னையாரின் அன்பைப் பாடுவதே தகாது என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர் தமிழ் முஸ்லிம்களின் தலையாய காப்பியத்தைத் திறந்து பார்க்கவேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் விலாதத்துக் காண்டத்திலேயே ‘கதீஜா கனவு கண்ட படலம்’ இருக்கிறது. மணம் பொருத்தியதும் மணம் புரிந்ததும் தனித்தனிப் படலங்களாக விரிகின்றன. அன்னையாரின் ஏக்கத்தைப் புலவர் நம் அகத்திணை மரபின் சொற்களாலேயே பாடுகிறார். முந்நூறு ஆண்டுகளாக அதை ஓதியும் உரை விரித்தும் வந்திருக்கிறோம். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பெருமை பேசுகிறோம். மலபாரிலும் இதே நிலைதான்: மொயீன்குட்டி வைத்தியர் ‘பதருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்’ என்னும் காதற்காவியத்தை இயற்றியது 1872இல், அப்போது அவருக்கு அகவை இருபது அளவே. அரபு எழுத்தில் எழுதி, பக்திப் பாட்டுகளோடு ஒரே கட்டில் வைத்துப் போற்றினர். நம் முன்னோர் காதல் என்னும் சொல்லைக் கேட்டு நடுங்கியவர் அல்லர்.

அந்நாள்களில் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், அந்தப் பாட்டைக் கேட்பது பாவமா, அந்தக் காட்சியைப் பார்ப்பது பாவமா?” என்று வினவினான். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவன் சிரிக்கவில்லை. அவன் கேட்டது பாட்டைப் பற்றி அன்று என்பது எமக்கு விளங்கிற்று. தன் உள்ளத்தில் எழுவதே பாவமா என்பதுதான் அவன் வினா. அதை அப்படியே கேட்க எந்த மாணவனால் இயலும்?

இவ்வினாவுக்கு நம் அறிஞர்கள் விடை வைக்காமல் போகவில்லை. தக்கியுத்தீன் சுப்கீ (ரஹ்) முதலான ஃபிக்ஹு மேதைகள் உள்ளத்தின் அசைவை ஐந்து படியாகப் பகுத்தனர். நினையாமல் வந்து விழுவது ஹாஜிஸ். விழுந்தது சற்றே உள்ளே ஓடுவது காதிர். செய்வோமா விடுவோமா என்று மனம் தனக்குள் பேசிக்கொள்வது ஹதீதுந் நஃப்ஸ். செய்யும் பக்கம் சாய்வது ஹம்மு. செய்தே தீர்வது என்று முடிச்சுப் போடுவது அஸ்மு. முதல் மூன்றுக்கும் குற்றமில்லை. நான்காவதும் தீமையைப் பொறுத்தவரை எழுதப்படுவதில்லை. ஐந்தாவதற்குத்தான் மனிதன் பொறுப்பாளி என்பது பெரும்பான்மையோர் கொள்கை. எத்துணை நுட்பம் பாருங்கள்! மனிதன் தேர்ந்து செய்யாத ஒன்றுக்கு அவனைக் கூண்டில் ஏற்றலாகாது என்னும் அறநெறி இதற்குள் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் தோன்றிய இப்னு ஹஸ்மு (ரஹ்) சட்டத்தில் இம்மியும் விட்டுக்கொடாத கண்டிப்பானவர். அவரே ஏறத்தாழ 1022ஆம் ஆண்டில் ‘தவ்குல் ஹமாமா’ என்று காதலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உள்ளங்கள் இறைவன் கைவசம் உள்ளவை. ஆகவே காதல் என்னும் நிலையை மார்க்கம் விலக்கவில்லை என்பது அவர் கருத்து. தம் இளமையில் தம் வீட்டில் வளர்ந்த ஒரு பெண்மீது கொண்டு, ஈடேறாமற்போன அன்பையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

ஆக, அம்மாணவனுக்கு யாம் சொன்னது இது: கண்ணில் வந்து விழுந்தது உன் கணக்கில் இல்லை; அதை நீ எங்கே கொண்டுபோகிறாய் என்பதே உன் கணக்கில் எழுதப்படும்.

இனிப் படத்துக்கு வருவோம். 2019 பிப்ரவரி 14ஆம் நாள் அது திரைக்கு வந்தது, தமிழிலும் பேசிற்று. நல்ல படமா என்றால், அன்று. வழக்குத் தொடுத்தவர்கள் கண்ட குறையும் நாம் காணும் குறையும் வேறு. கண்ணசைவு அதன் குறை அன்று. அந்தப் பிள்ளைகளைச் சுற்றி மனிதர்களே இல்லை என்பதே குறை. ஆசிரியர்கள் நகைச்சுவைக்கு, பெற்றோர் பெயருக்கு. பிள்ளைகளின் அறிவுரையாளர் பிள்ளைகளே. இத்தகைய உலகில் காதல் ஒரு குறும்பாகத் தொடங்கி, இன்னது செய்வதென்று அறியாமல் தவித்து, இறுதியில் வன்முறையில் போய் விழுந்தது. அந்தத் துயர முடிவை மக்கள் விரும்பவில்லை என்று அறிந்ததும், வெளியான ஒரு வாரத்துக்குள்ளேயே முடிவை மாற்றி ஒட்டினார்கள்! கதைமாந்தரின் வாழ்வும் சாவும் நுழைவுச்சீட்டு விற்பனையைப் பார்த்து மாறுமானால், அந்தக் கதை எதைத்தான் சொல்ல வந்தது?

நம் தமிழ்ப் படங்களும் இத்துறையில் நெடுநாள் உழைத்தவை. 1981இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ பிராமண இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்து ஊரைத் துறப்பதோடு முடிந்தது. கழற்றியபின் அவர்கள் எங்கே உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்பதைப் படம் சொல்லவில்லை. 2004இல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ அதைச் சொல்லிற்று. பள்ளி மாணவி ஒருத்தியும் வண்டி பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவனும் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடுகிறார்கள். பெண்ணின் வீட்டார் பிடித்துச் சென்று வேறொருவனுக்கு மணமுடிக்கிறார்கள். அவன் பித்தனாகித் தெருவில் அலைகிறான். முன்னது கலகத்தைக் கொண்டாடிற்று. பின்னது கலகத்தின் விலையைக் காட்டிற்று. இவற்றுக்கு நடுவே, 1981இலேயே பாரதி – வாசு இயக்கிய ‘பன்னீர் புஷ்பங்கள்’ உதகையில் ஒரு பள்ளியைக் காட்டி, அங்கே மாணவர் மனத்தை உணரும் ஓர் ஆசிரியரையும் வைத்தது. பிரதாப் போத்தன் ஏற்ற அந்தப் பாத்திரம்தான் மற்ற படங்களில் காணாமற்போனவர்.

காணாமற்போனவர் என்பது ஏன்? நம் பழந்தமிழ் அகமரபில் அவருக்கு இடம் இருந்தது. களவு தவறென்று தொல்காப்பியம் இகழவில்லை. அதைக் கற்பின் முற்பகுதியாக வைத்தது. களவில் இருக்கும் தலைவி தானே போய்த் தந்தையிடம் சொல்லவேண்டியதில்லை. தோழி செவிலிக்குச் சொல்வாள்; செவிலி நற்றாய்க்குச் சொல்வாள்; நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் குறிப்பால் உணர்த்துவாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். அறம் இங்கே ஒளிப்பதிலும் இல்லை, ஒடுக்குவதிலும் இல்லை. உண்மையை ஏற்ற வாய் வழியாக ஏற்ற செவிக்குக் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது. இப்படிகளில் ஒன்று உடைந்தபோதுதான் உடன்போக்கு நிகழ்கிறது. செவிலி பாலை நிலத்தில் அழுது தேடுகிறாள்.

அன்னை கதீஜா நாயகியாரின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு மீண்டும் படியுங்கள். பயணத்தில் உடன்சென்ற பணியாளர் மைஸரா வந்து அண்ணலாரின் நேர்மையைச் சொல்கிறார். அன்னையாரின் உள்ளம் சாய்கிறது. அவர்கள் தம் விருப்பத்தைப் புதைத்துக்கொள்ளவும் இல்லை; தெருவில் வைக்கவும் இல்லை. நஃபீஸா என்னும் தோழியை அனுப்புகிறார்கள். நஃபீஸா அண்ணலாரின் கருத்தை அறிந்து வருகிறார். பின்னர் இருபுறத்துப் பெரியோரும் கூடுகின்றனர். அபூதாலிப் எழுந்து உரையாற்றுகிறார். பெண் விரும்பினாள், பெண்ணே தொடங்கினாள், ஊரறிய முடிந்தது. நாற்பது வயது அன்னையாருக்கும் பதினாறு வயதுச் சிறுமிக்கும் என்ன ஒப்பு என்று கேட்டோமே, விடை இதில் இருக்கிறது. ஒப்பு உள்ளத்தின் சாய்வில்; வேற்றுமை அச்சாய்வு நடந்துசென்ற பாதையில். செல்வமும் முதிர்ச்சியும் உடைய அன்னையாருக்கே ஒரு நஃபீஸா வேண்டியிருந்தது. நம் பள்ளிச் சிறுமியின் நஃபீஸா யார்?

இறுதி ஹஜ்ஜின்போது நிகழ்ந்த ஒன்றை புகாரீ ஷரீஃப் ஓதியவர் எல்லாரும் அறிவர். அண்ணலாரின் ஒட்டகத்தில் பின்னே அமர்ந்திருந்தார் அவர்களுடைய சிறிய தந்தையின் மகன் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி). வாலிபர், அழகர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் வந்து, முதிர்ந்த தம் தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று வினவினார். ஃபள்லு அப்பெண்ணைப் பார்க்கலானார். அப்பெண்ணும் அவரைப் பார்க்கலானார். அண்ணலார் தம் கையால் ஃபள்லின் முகத்தை மறுபுறம் திருப்பினார்கள். திர்மிதீயில் வரும் அறிவிப்பின்படி, மகனின் கழுத்தை ஏன் திருப்பினீர்கள் என்று அப்பாஸ் (ரலி) கேட்க, இளைஞன் ஒருவனையும் இளம்பெண் ஒருத்தியையும் கண்டேன், ஷைத்தானைக் குறித்து அவர்கள் இருவர்பொருட்டும் அஞ்சினேன் என்ற கருத்தில் விடை அளித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நிகழாதவற்றையும் எண்ணிப்பாருங்கள். பெண்ணை விரட்டவில்லை, அவர் கேட்ட கேள்விக்கு விடை அளிக்கப்பட்டது. இளைஞரை ஒட்டகத்திலிருந்து இறக்கவில்லை. இத்தனைக்கும் அது உலக முஸ்லிம்கள் திரண்டிருந்த புனித நாள், இஹ்ராமின் காலம். புண்படுவதற்கு இதைவிடத் தகுந்த இடமும் நேரமும் எவருக்கு வாய்க்கும்? ஆனால் அங்கே இருந்தது ஒரு கை மட்டுமே. அந்தக் கை முகத்தைத் திருப்ப முடிந்தது, அது அதே ஒட்டகத்தின்மீது இருந்ததால். ஐதராபாத்தில் இருந்துகொண்டு திருச்சூர் மாவட்டத்துப் பிள்ளைகளின் முகத்தை மனு ஒன்றால் திருப்ப முயன்றவர்கள் இந்தத் தொலைவைக் கணக்கிடவில்லை.

காவல் நிலையத்தைச் செவிலித்தாயாக்கும் வழக்கம் இப்போது எல்லாச் சமயத்தாரிடமும் பரவிவிட்டது. சிறாரைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. வரவேற்கத்தக்க சட்டம், கயவர்களுக்கு அது தேவை. ஆனால் பதினெட்டுக்குக் கீழ் இசைவு என்பதே சட்டத்தின் கண்ணில் இல்லையாதலால், மகள் ஒருவனோடு போய்விட்டாள் என்றதும் பெற்றோர் அச்சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன் கொடுங்குற்றவாளிகளோடு சிறையில் கிடக்கிறான். இளம் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கம் அன்று என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய வழக்கு ஒன்றை இரத்துச் செய்தார். எனினும் வயதைக் குறைக்கவேண்டாம் என்பதே 2023இல் சட்ட ஆணையம் அளித்த பரிந்துரை. எமக்கும் வயதைக் குறைப்பதில் உடன்பாடில்லை. அந்த வாயில் திறந்தால் முதலில் நுழைபவன் பதினேழு வயதுக் காதலன் அல்லன், நாற்பது வயது மாப்பிள்ளை. ஆனால் வழக்கு எழுதும் எழுதுகோலுக்கு முன்பே ஒரு செவி இருந்திருந்தால் பாதி வழக்குகள் பிறந்தே இரா.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று முள்ளாய் உறுத்துகிறது. திரையில் ஒரு பெண் கண்ணசைத்தாள் என்று புண்பட்ட நாம், வீட்டில் ஒரு பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமலே மணமுடிக்கும்போது ஏன் புண்படுவதில்லை? கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர் தந்தை விருப்பமின்றி மணமுடித்துவைத்தார். அப்பெண் வந்து முறையிட்டதும் அண்ணலார் அம்மணத்தை இரத்துச் செய்தார்கள். பரீரா (ரலி) அவர்களைப் பிரிந்த முகீஸ் (ரலி) மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டு பின்தொடர்ந்தார். அண்ணலார் இரங்கி, அவரை மீண்டும் ஏற்கலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று அப்பெண் கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றதும், அப்படியானால் அவர் எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணலார் அவரைக் கடிந்துகொண்டதாகச் செய்தி இல்லை. அழும் காதலனுக்கு இரக்கமும் உண்டு. மறுக்கும் பெண்ணுக்கு உரிமையும் உண்டு. இரண்டும் ஒரே உள்ளத்தில் இடம்பெற்றிருந்தன.

நம் ஊர்களில் நிக்காஹ் நடக்கும் நாளைப் பாருங்கள். வக்கீலும் இரு சாட்சிகளும் பெண் இருக்கும் அறை வாயிலில் போய் நிற்கிறார்கள். சம்மதமா என்று கேட்கிறார்கள். உள்ளே இருபது பெண்கள் சூழ, முக்காட்டுக்குள் குனிந்திருக்கும் அந்தப் பெண் பேசாதிருக்கிறாள். மௌனமே சம்மதம் என்று வெளியே வந்து சொல்கிறார்கள்; தஃப்தரில் எழுதுகிறார்கள். அப்போது மாப்பிள்ளை மேடையேறிவிட்டார். பந்தலில் ஊர் கூடிவிட்டது. பிரியாணித் தேகிசாவுக்குத் தம் போட்டாயிற்று. அந்த வாயிலில் நிற்கும் மூவரில் ஒருவராக யாமும் பலமுறை நின்றிருக்கிறோம். வேண்டாம் என்று ஒரு குரல் உள்ளேயிருந்து வந்தால், வெளியே திரும்பி நடந்து வந்து அதை அப்படியே உரக்கச் சொல்லும் துணிவோடுதான் அந்த மூவரும் போகிறார்களா?